பால் ஜாயிண்ட் தேய்ந்தால்: வீட்டிலேயே மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு சேலம் கோரிமேட்டில். ஏற்காடு போகிற வண்டிகள் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் அடிவாரத்துக்குப் போகும். என் பழைய ஆல்ட்டோவுக்கு லோயர் ஆர்மை வாசலில் வைத்து நானே மாற்றியதை அக்கம்பக்கத்தில் பார்த்தார்கள். அன்றிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் இதே சந்தேகங்களை ஃபோனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. வண்டிக்கு அடியில் கை வைக்கிற வேலையில் எதுவும் விட்டுப்போகக் கூடாது. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

"பால் ஜாயிண்ட்னா என்னங்க? அது எங்க இருக்கு?"

முன் சக்கரம் மாட்டியிருக்கிற இரும்புத் துண்டுக்கு நக்கிள் என்று பெயர். வண்டியின் அடிப்பகுதியிலிருந்து அதை நோக்கி நீளும் கைதான் லோயர் ஆர்ம். இரண்டும் சேரும் இடத்தில் இருப்பது பால் ஜாயிண்ட். உருண்டைத் தலை உள்ள ஒரு தண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட கிண்ணத்துக்குள் கிரீஸோடு உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு ரப்பர் பூட் மூடியிருக்கும். நம் தோள்மூட்டு மாதிரி, சக்கரம் மேலும் கீழும் போகவும் இடம் வலம் திரும்பவும் விடுவது இதுதான்.

ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராடு முனையிலும் இதே மாதிரி சின்ன ஜாயிண்ட் உண்டு. அது வேறு, இது வேறு. கடையில் கேட்கும்போது "லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

"ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா 'டக்'குனு சத்தம் வருது. இதுதானா?"

இருக்கலாம். ஆனால் அந்தச் சத்தத்தை வைத்து மட்டும் பொருள் வாங்கிவிடாதீர்கள். ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் துண்டு) போனாலும், ஸ்டரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே உள்ள மவுண்ட் போனாலும், ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்தாலும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான் வரும்.

பால் ஜாயிண்டுக்கு வேறு சில அடையாளங்களும் உண்டு. மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் கீழிருந்து ஒரு முனகலோ தட்டலோ வரும். நேர் ரோட்டில் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலையும், ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேயும். ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கும் திருப்பமும் சேர்ந்து முன் சக்கரத்தின் மேல் விழும். ஊருக்குள் கேட்காத சத்தம் அங்கே கேட்கும். அது கேட்டால் ஜன்னலை இறக்கிவிட்டு எந்தப் பக்கம் என்று கவனியுங்கள்.

"வீட்லயே செக் பண்ண முடியுமா?"

முடியும். மாற்றுகிற வேலை எல்லாருக்கும் ஒத்துவராது, செக் பண்ணுவது எல்லாருக்கும் ஒத்துவரும். ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் மாதிரி சின்ன கார்களில் ஸ்பிரிங் ஸ்டரட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். வண்டியின் எடை கீழ் ஜாயிண்ட் வழியாக இறங்காது. அதனால் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்க விட்டுப் பார்க்கலாம்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 12 மணி, 6 மணி இடங்களில் கை வைத்து உள்ளே வெளியே அசையுங்கள். இன்னொருவர் டார்ச் அடித்து நக்கிளும் ஆர்மும் சேரும் இடத்தையே பார்க்கட்டும். அப்புறம் ஒரு நீளமான கடப்பாரையை ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். நல்ல ஜாயிண்ட் இறுக்கமாக இருக்கும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் நகராது. தேய்ந்த ஜாயிண்டில் தண்டு கிண்ணத்துக்குள் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். விரலை அந்த இடத்தில் வைத்தால் ஒரு சின்ன 'கடக்' கையில் தெரியும். ஒருமுறை உணர்ந்துவிட்டால் மறக்காது.

3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் ஆடினால் டை ராடு பக்கம் பாருங்கள்.

"ஆடுது. ஆனா வீல் பேரிங்கா, பால் ஜாயிண்டானு குழப்பமா இருக்கே?"

உள்ளே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மறுபடி 12, 6 இடத்தில் அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். மிதித்தபிறகும் அப்படியே ஆடினால் பேரிங் இல்லை, ஜாயிண்டைத்தான் பார்க்க வேண்டும். பிரேக் மிதித்தால் டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகப் பிடிபட்டுவிடும், நடுவில் உள்ள பேரிங்கின் ஆட்டம் தெரியாமல் போகும். அவ்வளவுதான் விஷயம்.

"பூட் கிழிஞ்சிருக்கு, ஆனா ஆடவே இல்லை. மாத்தணுமா?"

இன்றைக்கே ஆபத்து இல்லை, ஆனால் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டது. கிழிந்த பூட் வழியாகத் தண்ணீரும் மண்ணும் போகும், கிரீஸ் வெளியே வரும். ஐப்பசி மழையில் எஸ்டேட் மண் ரோட்டில் போய்வருகிற வண்டியாக இருந்தாலும், மாக்னசைட் சுரங்கம் இருக்கும் கருப்பூர் பக்கம் வெள்ளைப் புழுதியில் ஓடுகிற வண்டியாக இருந்தாலும் இது சீக்கிரமே தேயும்.

பூட்டை மட்டும் மாற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கிழிந்து சில நாள்தான் ஆகிறது, உள்ளே கிரீஸ் சுத்தமாக இருக்கிறது என்றால் மாற்றலாம். கிரீஸைத் துளி எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். நரநரவென்று இருந்தால் பூட் மாற்றிப் பயனில்லை.

"அடுத்த வாரம் ஏற்காடு போகணும். போய்ட்டு வந்து மாத்திக்கலாமா?"

ஆட்டம் தெரிந்துவிட்டால் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

எங்கள் பெரியப்பாவின் காரில் இரண்டு மாதமாகச் சத்தம் இருந்தது. ஒரு பட்டறையில் "இன்னும் ஓடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குப்பனூர் வழியாக மலையிலிருந்து இறங்கி வந்து, தோட்டத்து கேட்டில் வண்டியை ஒடிக்கும்போது தண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றது. சக்கரம் வெளியே சாய்ந்து ஃபெண்டரில் முட்டி நின்றது. நடக்கிற வேகத்தில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரம் முன்னால் அதே சக்கரம் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. கழன்ற அந்தத் தண்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். உருண்டையின் ஒரு பாதி கண்ணாடி போலப் பளபளத்தது. மறுபாதி துரு. கிண்ணத்தில் பழுப்புத் தண்ணீர் நின்றது. கிரீஸ் ஒரு துளி இல்லை.

லேசான ஆட்டம் என்றால் மெதுவாக ஓட்டி ஒர்க் ஷாப் வரை போகலாம். மலைக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள்.

"ஜாயிண்ட் மட்டும் வாங்கணுமா, ஆர்மோட சேர்த்து வாங்கணுமா?"

உங்கள் வண்டியில் அது எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிலவற்றில் ஜாயிண்ட் ஆர்மோடு போல்ட் அல்லது ரிவெட் போட்டிருக்கும். போல்ட் என்றால் கழற்றி மாற்றலாம். ரிவெட்டை அறுத்து எடுத்துவிட்டு, புதிய ஜாயிண்டோடு வரும் போல்ட்டைப் போடுவார்கள். சிலவற்றில் ஆர்மில் உள்ள துளைக்குள் அழுத்தி ஏற்றி, கழலாமல் சர்க்ளிப் என்ற வளையம் போட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் ஆர்மோடு ஒன்றாகவே வரும், தனியாகக் கிடைக்காது.

வீட்டில் செய்வதென்றால் ஆர்மோடு வாங்குவதையே நான் சொல்வேன். ஜாயிண்டோடு புஷ்ஷும் புதிதாகிவிடும், வேலையும் பாதியாகக் குறையும். அழுத்தி ஏற்றிய வகையில் ஜாயிண்ட் மட்டும் மாற்ற நினைத்தால், ஆர்மைக் கழற்றி பிரஸ் இருக்கிற லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சேலத்தில் லேத்துக்குப் பஞ்சமில்லை. சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். துளை முட்டை வடிவமாகிவிட்டால் புது ஜாயிண்டும் அதில் நிற்காது.

கம்பெனி ஜென்யூன் பொருள் அல்லது ரானே மாதிரி தெரிந்த தயாரிப்பாளரின் பொருள் வாங்குங்கள். அட்டைப்பெட்டி பார்த்து ஏமாறாமல், பில் தருகிற கடையில் வாங்குவது நல்லது.

"என்னென்ன டூல்ஸ் வேணும்?"

வண்டியோடு வந்த ஜாக்கி தூக்க மட்டும்தான். கட்டாயம் வேண்டியது ஒரு ஜோடி ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டைகள். அப்புறம் பாக்ஸ் ஸ்பேனர் செட், நீளக் கைப்பிடி, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, கடப்பாரை, ஒரு கிலோ சுத்தியல், கண்ணுக்குக் கண்ணாடி. டேப்பர் வகை (கூம்பு போலச் சிறுத்துப் போகும்) தண்டு என்றால், அதைப் பிரித்தெடுக்கும் பால் ஜாயிண்ட் புல்லர். டார்க் ரெஞ்ச் வாங்க யோசிப்பவர்கள் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். எவ்வளவு இறுக்கினோம் என்பது இந்த வேலையில் ஊகமாக இருக்கக் கூடாது.

"ஜாக்கியிலயே நிறுத்தி வச்சு செஞ்சா என்ன? அரை மணி நேர வேலைதானே?"

கூடாது. கடப்பாரையால் நெம்பும்போது வண்டி ஆடும், ஜாக்கி சாயும். சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஸ்டாண்டு வைத்த பிறகு வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் அந்தச் சக்கரம் தாங்கும்.

அரை மணி நேரம் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. முதல் தடவை ஒரு பக்கத்துக்கே மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் ஆரம்பியுங்கள்.

"சரி, வரிசையா சொல்லுங்க. எதை முதல்ல கழட்டணும்?"

முந்தின ராத்திரியே எல்லா போல்ட்டுகளையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஸ்பிரே அடித்துவிடுங்கள். நான் சொல்லப்போவது பல சின்ன கார்களில் இருக்கும் பிஞ்ச் போல்ட் வகை, ஆர்மோடு மாற்றும் முறை. இதில் ஜாயிண்ட் தண்டு நக்கிளின் துளைக்குள் நேராக ஏறியிருக்கும், குறுக்கே ஒரு போல்ட் கவ்விப் பிடித்திருக்கும்.

ஸ்டெபிலைசர் பார் ஆர்மோடு சேர்ந்திருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். என் ஆல்ட்டோவில் பாரின் முனை ஆர்மின் துளை வழியாகவே போகும். அந்த நட்டை எடுக்காமல் ஆர்ம் வெளியே வராது. வாஷரும் ரப்பரும் எந்த வரிசையில் இருந்தன என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து பிஞ்ச் போல்ட்டை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். தளர்த்தினால் போதாது. தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், அந்தப் பள்ளத்தில்தான் போல்ட் உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்வரை எத்தனை அடித்தாலும் தண்டு இறங்காது. பிறகு கடப்பாரையால் ஆர்மைக் கீழே அழுத்துங்கள், தண்டு நக்கிளிலிருந்து உருவி வரும். வரவில்லை என்றால் நக்கிளின் பிளவில் உளியை லேசாகக் கொடுங்கள். ரொம்ப விரித்தால் நக்கிள் விரிசல் விடும்.

இந்த இடத்தில் ஒரு கவனம். ஆர்ம் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கமாக ஆடும். அதை அப்படியே வெளியே இழுத்தால் டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் தண்டு) உள்முனையில் கழன்றுவிடலாம், பிரேக் ஹோஸும் இழுபடும். ஒரு கம்பி போட்டு நக்கிளைக் கட்டிவிடுங்கள். அப்புறம் ஆர்மின் உள்பக்க போல்ட்டை எடுத்தால் ஆர்ம் கைக்கு வந்துவிடும். பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம், தண்டின் பருமன், துளை எல்லாம் பாருங்கள். இடது வலது மாறி வாங்கியிருந்தால் இப்போது தெரிந்துவிடும்.

மாட்டுவது இதே வேலை தலைகீழ். உள்பக்க போல்ட்டை மாட்டி, இறுக்காமல் விடுங்கள். நக்கிள் துளையைச் சுத்தம் செய்து, தண்டை முழுசாக ஏற்றி, பிஞ்ச் போல்ட்டைப் போடுங்கள். தண்டின் பள்ளமும் துளையும் நேராக இருந்தால் போல்ட் விரலாலேயே உள்ளே போகும். போகாவிட்டால் அடித்து ஏற்றாமல் தண்டைச் சரிபண்ணுங்கள். நட்டு புதிதாகப் போடுங்கள்.

"எவ்வளவு டைட் பண்ணணும்?"

உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவு. மாடலுக்கு மாடல் மாறும், அதனால் ஒரே எண்ணை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். மேனுவலில் நியூட்டன் மீட்டர் இருக்கும், உங்கள் ரெஞ்சில் கிலோகிராம்-மீட்டர் (kgf·m) அளவு இருந்தால் 9.8 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 60 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 6.1. அதாவது ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஆறு கிலோ தொங்குகிற விசை.

"உள்பக்க போல்ட்டை ஏன் இறுக்காம விடச் சொன்னீங்க?"

இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். ஆர்மின் உள்முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது. போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் நடுக்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். அதன் பிறகு ஆர்ம் மேலே கீழே போகும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும்.

சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியவுடனே ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும். ஓட ஓட இன்னும் முறுக்கி, சில மாதங்களில் கிழியும். அதனால் சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அழுத்திவிட்டு, வண்டி எடை சக்கரத்தில் இருக்கும்போது இறுக்குங்கள். கை புகவில்லை என்றால், ஸ்டாண்டு அப்படியே இருக்க, ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்து ஓடும் உயரத்துக்கு ஏற்றி இறுக்கலாம்.

"எங்க வண்டில டேப்பர். நட்டு கழட்டியும் தண்டு வரமாட்டேங்குது."

நட்டை முழுசாக எடுக்காமல் நாலைந்து மரை விட்டு வையுங்கள், திடீரென்று விடுபடும்போது ஆர்ம் உங்கள் மேல் பாயாது. புல்லரை மாட்டி நன்றாக இறுக்குங்கள். அந்த இறுக்கத்தில் நக்கிளின் காதுப் பகுதியில், தண்டு ஏறியிருக்கும் இடத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு அடி. 'டப்'பென்று விடும். தண்டின் மரையில் நேராக அடித்தால் மரைதான் போகும். கவட்டை மாதிரி இருக்கும் ஃபோர்க் டூல் பூட்டைக் கிழிக்கும், தூக்கிப் போடப்போகிற ஜாயிண்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

புதியதை மாட்டும்போது டேப்பரில் கிரீஸ் தடவ வேண்டாம். அந்த இடம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால்தான் கவ்விப் பிடிக்கும்.

"டார்க் வச்ச பிறகு ஸ்பிலிட் பின் ஓட்டை நேரா வரலை. கொஞ்சம் தளர்த்திக்கலாமா?"

தளர்த்தக் கூடாது. நட்டின் அடுத்த வெட்டு, தண்டின் ஓட்டைக்கு நேராக வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் அந்த ஸ்பிலிட் பின் எப்போதும் புதுசாக இருக்கட்டும்.

"பிஞ்ச் போல்ட் துருப்பிடிச்சு அசையவே மாட்டேங்குது. கேஸ் வச்சு சூடு பண்ணலாமா?"

வீட்டில் வேண்டாம். பக்கத்திலேயே பிரேக் ஹோஸ், ஷாஃப்ட் பூட், சில வண்டிகளில் ஏபிஎஸ் ஒயரும் இருக்கும். ஸ்பிரே அடித்து ஊற விட்டு, கொஞ்சம் இறுக்கி கொஞ்சம் தளர்த்தி என்று முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இரண்டு நாள் ஊறினால் பெரும்பாலும் இளகும். முறிந்துவிடும்போல இருந்தால் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி மாட்டி பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

"ஒரு பக்கம்தான் ஆடுது. ரெண்டையும் மாத்தணுமா?"

கட்டாயம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே ரோட்டில் ஓடியவை என்பதால் மற்றதும் நெருங்கியிருக்கும். மேலே சொன்ன முறையில் செக் பண்ணுங்கள். இறுக்கமாக, பூட் முழுசாக இருந்தால் விடுங்கள்.

"பழைய ஜாயிண்டையே வெல்டிங் வச்சு டைட் பண்ணித் தர்றாங்களாமே, செலவும் கம்மி?"

செய்யாதீர்கள். வெல்டிங் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகும், பூட் கருகும், உருண்டையின் இரும்பு தன் பதத்தை இழக்கும். கிண்ணத்தை அமுக்கி இறுக்கியதால் சில நாள் ஆட்டம் தெரியாது. ஆபத்து அதில்தான். கழன்று விழப்போகிற ஜாயிண்ட் சத்தம் போடுவதை நிறுத்திவிடுகிறது. செலவைக் குறைக்க வேண்டுமானால் கூலியைக் குறையுங்கள், அதற்குத்தானே வீட்டில் செய்கிறோம்.

"நாங்க வச்சிருக்கறது ஸ்கார்பியோ. இதே மாதிரி செய்யலாமா?"

இதே மாதிரி செய்யக் கூடாது. மேலும் கீழும் இரண்டு ஆர்ம் இருக்கும் வண்டிகளில், ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) கீழ் ஆர்மில் இருந்தால், வண்டியின் எடை கீழ் ஜாயிண்ட் வழியாகத்தான் இறங்கும். செக் பண்ணும்போதே ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் வைத்துத் தூக்க வேண்டும். சக்கரத்தைத் தொங்க விட்டால் ஸ்பிரிங் ஜாயிண்டை அழுத்திப் பிடித்து, இருக்கும் ஆட்டத்தை மறைத்துவிடும்.

கழற்றும்போது அந்த ஸ்பிரிங் விசை விடுபட்டால் உயிர்ச் சேதம் ஆகும். முதல் தடவை செய்பவர்கள் இந்த வகையை வீட்டில் தொட வேண்டாம்.

"மாத்தின பிறகு அலைன்மெண்ட் கட்டாயமா?"

ஆம். ஆர்ம் மாறினால் சக்கரத்தின் கோணம் கொஞ்சமாவது மாறும். விட்டால் புது டயர் ஓரத்தில் தேய்ந்து, மிச்சம் பிடித்த காசு அதில் போகும். வீட்டிலிருந்து அலைன்மெண்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போங்கள்.

"கிரீஸ் அடிச்சா ரொம்ப நாள் வருமா?"

கிரீஸ் ஏற்றும் நிப்பிள் (சின்ன மூக்கு) இருந்தால் வரும். சர்வீஸுக்கு ஒரு தடவை, பூட் லேசாக உப்பும்வரை மட்டும் லித்தியம் கிரீஸ் அடியுங்கள். இப்போது வருகிறவை பெரும்பாலும் மூடி முத்திரையிட்டவை, அவற்றில் ஊசி குத்தி கிரீஸ் ஏற்றாதீர்கள்.

"எல்லாம் மாத்தியாச்சு. ஆனாலும் சத்தம் வருது!"

முதலில் சக்கர நட்டு, பிஞ்ச் போல்ட், உள்பக்க போல்ட், ஸ்டெபிலைசர் நட்டு என்ற வரிசையில் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். மாற்றி 50, 100 கிலோமீட்டர் ஓடியபிறகு எப்படியும் இதை ஒருமுறை செய்ய வேண்டும். எல்லாம் இறுக்கமாக இருந்தும் சத்தம் வந்தால், இரண்டாம் கேள்வியில் சொன்ன மற்றவற்றில் ஒன்று பாக்கி இருக்கிறது. வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பட்டும். நீங்கள் பானட்டைத் திறந்து ஸ்டரட் மவுண்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். 'டக்' அங்கே கையில் தெரிந்தால் மவுண்ட்தான். தெரியாவிட்டால் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.